எத்தனாவது படிக்கிறது பிள்ளை?

வீட்டிலேயே படிக்கும் பிள்ளையைக் கண்டால் ஊர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கல்யாணப் பந்தியில் கேட்பார்கள், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரும் கேட்பார். ஒற்றை எண்ணில் இதற்கு உண்மையான பதில் கிடையாது. எட்டு வயதுப் பிள்ளை தமிழ் வாசிப்பில் நான்காம் வகுப்புப் பாடத்தைத் தட்டாமல் படிக்கும். சொந்தமாக நாலு வரி எழுதச் சொன்னால் இரண்டாம் வகுப்புக்கு இறங்கிவிடும். கணக்கில் கூட்டல் ஓடும், கடன் வாங்கிக் கழிப்பது நொண்டும். பள்ளியில் படிக்கும் பிள்ளையும் இப்படித்தான் இருக்கிறது. அங்கே 'மூன்றாம் வகுப்பு' என்ற பெயர் எல்லாவற்றையும் போர்த்தி வைத்திருக்கிறது.

தமிழக அரசே இதை ஒப்புக்கொண்டுதான் 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு அது. வீட்டில் இருப்பது ஒரு பிள்ளை என்றாலும் அதற்குள்ளும் அரும்பு, மொட்டு, மலர் மூன்றும் உண்டு. ஆகவே வாசிப்பு, எழுத்துப்பிழை, எண் அறிவு என ஒவ்வொன்றுக்கும் தனி அளவுகோல் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே வேலையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். மதிப்பெண் தேவையில்லை. போன தடவை எந்த வகைத் தப்பு வந்தது, இப்போது எந்த வகை வருகிறது என்பதுதான் முன்னேற்றம்.

காவிரி டெல்டாவில் இதற்குத் தோதான நாட்கள் உண்டு. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12ஐ ஒட்டி ஒன்று, அடைமழை பிடிப்பதற்கு முன் செப்டம்பர் கடைசியில் ஒன்று, பொங்கல் கழிந்து ஒன்று, சித்திரை பிறக்குமுன் ஒன்று. ஐப்பசி கார்த்திகையில் வைக்க வேண்டாம். கரண்ட் போகும், சளி காய்ச்சல் வரும், பிள்ளை மந்தமாக இருக்கும். அந்த மாதம் எடுத்த கணக்கு எதற்கும் உதவாது. ஒரு தடவைக்கு மொத்தம் முக்கால் மணி நேரம், அதையும் இரண்டு காலையாகப் பிரித்துக்கொள்ளலாம். 'பரீட்சை' என்ற சொல்லை வாயில் எடுக்காமல் இருப்பது நல்லது.

இதுவரை எதையுமே அளக்காதவர்கள் முதலில் பருவட்டாக ஒன்று பார்த்துவிடலாம். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் ஏசர் ஆய்வு 2005 முதல் வீடுவீடாகப் போய், பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்துச் செய்வது இதுவே. எழுத்து, சொல், முதல் வகுப்பு மட்டத்தில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு மட்டத்தில் ஒரு சிறு கதை என்று வாசிப்பில் நான்கு படி. கணக்கில் ஒற்றை இலக்கம், ஈரிலக்கம், கடன் வாங்கும் கழித்தல், மூவிலக்கத்தை ஓரிலக்கத்தால் வகுத்தல். கால் மணி நேரம் போதும். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று அது காட்டும். அதற்குமேல் ஏறாமல் ஏன் நிற்கிறது என்பதற்குக் கீழே உள்ளவை.

வாசிப்பு

பிள்ளை முன்பு பார்க்காத ஒரு பத்தியை அரசுப் பாடநூலிலிருந்து எடுங்கள். நூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 80 முதல் 100 சொல் இருந்தால் போதும். பிள்ளை கையில் ஒரு பிரதி, உங்கள் கையில் ஒன்று. செல்போனில் ஒரு நிமிடம் வைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தப்பாக வாசித்த சொல்லின் மேல், பிள்ளை என்ன வாசித்ததோ அதை அப்படியே எழுதுங்கள். வெறும் அடிக்கோடு போட்டால் ஒரு வாரம் கழித்து அது என்ன தப்பு என்று உங்களுக்கே தெரியாது. நிமிடம் முடிந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, பத்தியை முடிக்க விடுங்கள்.

மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டம் 2021இல் வைத்த இலக்கு, இரண்டாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல், மூன்றாம் வகுப்பு முடிவில் குறைந்தது 60. இதை அப்படியே தமிழுக்கு எடுத்துக்கொண்டு கலங்குகிறவர்கள் அதிகம். 'மரம்' ஒரு சொல், மூன்று எழுத்து. 'படித்துக்கொண்டிருந்தார்கள்' என்பதும் ஒரு சொல்தான், எழுத்து பதினான்கு. போன தடவை சின்னச் சொல் நிறைந்த பத்தியும் இந்தத் தடவை நீளச் சொல் நிறைந்த பத்தியும் கொடுத்தால், முன்னேறிய பிள்ளைகூடப் பின்தங்கியதாகத் தெரியும். அதனால் தமிழில் சொல்லை எண்ணாமல் எழுத்தை எண்ணுங்கள். பத்தியின் எழுத்துகளை ஒருமுறை எண்ணி, ஒவ்வொரு வரி ஓரத்திலும் அதுவரையிலான கூட்டுத்தொகையைக் குறித்து வைத்துவிட்டால், அப்புறம் பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

பிழை எண்ணிக்கை இன்னொன்றைச் சொல்லும். நூறு சொல்லுக்கு ஐந்து பிழைக்குள் இருந்தால் அந்த மட்டத்துப் புத்தகத்தைப் பிள்ளை தனியே படிக்கலாம். பத்து வரை போனால் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். பத்தைத் தாண்டினால் அந்தப் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிடுங்கள். 'படிக்கப் படிக்க வந்துவிடும்' என்று அதையே திணிப்பதால்தான் பல பிள்ளைகள் படத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்லும் பழக்கத்துக்குப் போகின்றன.

எங்கே தடுக்குகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் உகர வரிசைதான். மற்ற வரிசைகளில் குறி ஏறக்குறைய ஒரே மாதிரி ஒட்டும்: கா, சா, டா, கி, சி, டி. உகரத்தில் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறது. அகர வரிசையில் க, ங, ச என்று மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு இது பதினெட்டுத் தனி எழுத்து. வடிவம் பார்த்துப் பிரித்தால் மூன்றே குடும்பம். கு டு மு ரு ழு ளு ஆறும் ஒன்று. ஙு சு பு யு வு ஐந்தும் கீழே கோடு இறங்குகிறவை. ஞு ணு து நு லு று னு ஏழும் கீழே போய் வலப்பக்கம் வளைந்து ஏறுகிறவை. நெடிலில் கூ, சூ இரண்டும் குடும்பத்தை விட்டு விலகும், அவற்றை மட்டும் தனியாகச் சொல்லிக்கொடுத்தால் போதும். ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரம். ஙு, ஞு இரண்டும் எந்தச் சொல்லிலும் வந்து எதிரே நிற்கப்போவதில்லை. அவற்றுக்காக அழவைக்க வேண்டாம்.

அடுத்தது கொம்பு. கெ, கே, கை, கொ, கோ எல்லாவற்றிலும் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது. வாய் எழுத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கண்ணும் வாயும் முரண்படும் இடம் இது. கொம்பைக் கண்டால் வாயைத் திறக்காமல் அடுத்ததையும் பார்த்துவிட்டுச் சொல் என்ற ஒரு பழக்கம் போதும். 'வௌவால்' என்பதை 'வெ-ள-வால்' என்று வாசிப்பது பிள்ளையின் குற்றமில்லை. அச்சில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

சொல்வதை எழுதுதல்

எழுத்துப்பிழையைப் பொறுத்தவரை, பதினைந்து சொல் கொண்ட ஒரே பட்டியலை வருடம் முழுக்க வைத்துக்கொள்ளலாம், இடையில் பயிற்சி கொடுக்காமல் இருந்தால். ஒரு மாதிரி: குடை, விலை, உலக்கை, நெல், நேரம், கொக்கு, கோழி, அப்பளம், பல்லி, பள்ளி, வாழைப்பழம், கரை, கறை, மண்வெட்டி, தண்ணீர். கரை, கறை போன்றவற்றை 'ஆற்றங்கரை', 'சட்டையில் கறை' என்று சேர்த்துச் சொல்லிவிட்டு, அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதச் சொல்ல வேண்டும். 15க்கு 9 என்று போடுவதில் அர்த்தமில்லை. தப்பான ஆறும் எந்த ஜாதித் தப்பு என்று பாருங்கள். நான்குதான் உண்டு, நான்குக்கும் மருந்து வேறு.

'நேரம்' என்பதை 'நெரம்' என்றும் 'கோழி'யைக் 'கொழி' என்றும் எழுதினால் குறில்-நெடில். அந்தச் சொல்லைப் பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். நீட்டிச் சொல்லிவிட்டுக் குறுக்கி எழுதினால் குறி பழகவில்லை, இரட்டைக் கொம்பை மட்டும் திரும்பப் பழக்கினால் சரியாகிவிடும். சொல்லும்போதே குறுக்கினால் காது பிரிக்கவில்லை. அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளையாக இருந்து, கூப்பிட்டாலும் திரும்பாமல் இருந்தால், காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. நடுக்காதில் நீர் கோத்திருந்தால் எத்தனை பயிற்சி கொடுத்தாலும் ஏறாது.

'கொக்கு' 'கொகு' ஆவதும் 'தண்ணீர்' 'தணீர்' ஆவதும் ஒற்று விடும் தப்பு. கைதட்டிப் பிரித்தால் போகும்: கொக்-கு, தண்-ணீர், அப்-ப-ளம். ஒரு தட்டின் முடிவில் ஓசை வாய்க்குள் அடைபட்டு நின்றால் அங்கே ஒரு புள்ளி எழுத்து உண்டு. இரண்டு மூன்று வாரத்தில் மாறக்கூடியது இது. நான்கிலும் சுலபமானதும் இதுவே.

மூன்றாவதுதான் பெற்றோர் அதிகம் கடிந்துகொள்ளும் தப்பு, கடியவே கூடாத தப்பு. குடையைக் 'கொட' என்றும் விலையை 'வெல' என்றும் உலக்கையை 'ஒலக்க' என்றும் எழுதுவது. பிள்ளை காதால் கேட்டதைத் துல்லியமாக எழுதியிருக்கிறது. பேச்சில், அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால் முன்னால் இருக்கும் இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் இறங்கிவிடும். கடைசி ஐகாரம் அகரமாகிவிடும். இடம் எடமாகிறது, கிழக்கு கெழக்காகிறது, புடவை பொடவையாகிறது. நோட்டில் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் 'நாம சொல்றது', வலப்பக்கம் 'புத்தகத்துல இருக்கறது' என்று தலைப்புப் போட்டு, நாளைக்கு நாலு சொல் சேருங்கள். முப்பது சொல் சேர்வதற்குள் பெரும்பாலான பிள்ளைகள் விதியைத் தாமே கண்டுபிடித்துவிடும். 'ஒழுங்காப் பேசு, எல இல்ல இலை' என்று பேச்சைத் திருத்தப் போனால் பிள்ளை பேசுவதையே குறைத்துக்கொள்ளும். எழுத்தும் வராது.

நான்காவது, ல-ள-ழ, ர-ற, ந-ன-ண. ழகரம் ளகரமாகவே புழங்கும் வீட்டில் 'வாளப்பளம்' வருவதில் வியப்பில்லை. இதைக் காதால் தீர்க்க முடியாது, கண் பழகித்தான் வரும். ஆனால் பாதிச் சுமையை இட விதிகள் இறக்கிவிடும். டகரத்துக்கு முன் ண், தகரத்துக்கு முன் ந், றகரத்துக்கு முன் ன்: வண்டி, பந்து, கன்று. இது மாறாது. தமிழ்ச் சொல்லின் முதலில் நகரம் வரும், ணகரமும் னகரமும் வராது. ரகர ஒற்று இரட்டிக்காது. காற்று, சேற்று, ஊற்று எல்லாம் றகரம்தான். ற் வந்தால் அடுத்து ஒற்று வராது: முயற்சி, கற்கண்டு. ஊரில் பாதி பிளக்ஸ் பேனரில் 'முயற்ச்சி' என்று இருப்பதைப் பிள்ளையையே கண்டுபிடிக்கச் சொல்லலாம், பஸ் பயணத்துக்கு நல்ல விளையாட்டு. பல்லி, பள்ளி போன்ற இணைச் சொற்களுக்குத்தான் விதி கைகொடுக்காது. வாரத்துக்கு ஒரு ஜோடி போதும். சந்தியில் வல்லினம் மிகுவதை ஐந்தாம் வகுப்பு வயதுக்கு முன் தொடவே வேண்டாம்.

சொந்தமாக எழுதுவதற்குப் பத்து நிமிடம், ஒரு படம். வரிகளின் எண்ணிக்கையைவிட 'ஆனால்', 'அதனால்', 'அப்போது' என்று வரிகளைக் கோக்கும் சொற்கள் வந்துவிட்டனவா என்று பாருங்கள். அந்தத் தாளில் எழுத்துப்பிழை திருத்தக்கூடாது. கையெழுத்துக்கு நான்கு கோட்டு நோட்டு தமிழுக்குத் தேவையில்லை, அகலமான ஒற்றைக் கோடு போதும். இடக்கைப் பிள்ளைக்குத் தாளின் மேல்முனையை வலப்பக்கம் சாய்த்து வையுங்கள்.

கணக்கு

எண்ணை எழுத வைத்துப் பாருங்கள், சொல்ல மட்டும் வைத்தால் தெரியாது. 'நூற்று ஐந்து' என்றால் 1005 என்று எழுதும் பிள்ளை கேட்டதைத்தான் எழுதுகிறது: நூறு, ஐந்து. தமிழில் இன்னொரு பள்ளம், ஒன்பது. தொண்ணூறு என்ற பெயருக்குள் 'நூறு' உட்கார்ந்திருக்கிறது, தொள்ளாயிரத்துக்குள் 'ஆயிரம்'. தொண்ணூற்றெட்டை 908 என்று எழுதுவது இதனால்தான். 89க்கு அடுத்து என்ன, 899க்கு அடுத்து என்ன என்ற இரண்டு கேள்வியைத் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். நிபுண் பாரத் கணக்கில் முதல் வகுப்புக்கு 99 வரை, இரண்டாவதுக்கு 999, மூன்றாவதுக்கு 9999.

கழித்தலில் 302 − 148 கொடுத்தால் 246 என்று விடை வரும். ஒவ்வொரு இலக்கத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கும்: 3இல் 1 போனால் 2, 4இல் 0 போனால் 4, 8இல் 2 போனால் 6. கவனக்குறைவு என்று திட்டிப் பயனில்லை, பிள்ளைக்கு 302 ஓர் எண்ணாகத் தெரியவில்லை, மூன்று தனி எண்ணாகத் தெரிகிறது. தென்னை ஈர்க்குதான் இதற்கு நல்ல கருவி, வீட்டிலேயே கிடைக்கும். விரல் நீளத்துக்கு நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு, பத்துக் கட்டைச் சேர்த்து நூறாகக் கட்டுங்கள். மூன்று நூறும் உதிரி இரண்டும் முன்னால் வைத்து 148 எடுக்கச் சொன்னால், உதிரி எட்டு எடுக்க முடியாது, பத்துக் கட்டும் இல்லை. நூறு கட்டைப் பிரித்தே ஆக வேண்டும். பிரித்தபின் 2 நூறு, 9 பத்து, 12 உதிரி, மீதி 154. கையால் ஐந்தாறு தடவை பிரித்த பிறகு நோட்டுக்கு வாருங்கள். நூறை ஒரே கனத்த கட்டாகக் கட்டிவிட்டால் பிரித்ததும் நூறு ஈர்க்கும் தரையில் சிதறும். உள்ளே பத்துப் பத்தாக இருப்பது முக்கியம்.

வாய்ப்பாட்டை 'ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு' என்று ராகம் போட்டு ஒப்பிக்கும் பிள்ளை, இடையில் 'ஏழெட்டு?' என்றால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். பத்து வாய்ப்பாட்டில் நூறு பெருக்கல் இருப்பதாகத் தோன்றும். 1, 2, 5, 10 வாய்ப்பாடுகள் தானாக வந்துவிடும். மூவேழும் ஏழுமூன்றும் ஒன்று என்று புரிந்தால், மீதி இருப்பது 3, 4, 6, 7, 8, 9 ஆகியவற்றுக்குள் 21 பெருக்கல் மட்டுமே. அந்த இருபத்தொன்றையும் சீட்டில் எழுதி, மூன்று விநாடிக்குள் சொல்லும் சீட்டை டப்பாவில் போட்டுக்கொண்டே போகலாம். வருடக் கடைசியில் டப்பாவில் எத்தனை சீட்டு என்பதே அளவு.

வகுத்தலில் 612ஐ 6ஆல் வகுத்து 12 என்று எழுதுவது எல்லா வீட்டிலும் நடக்கும். நடுவில் 1ஐ வகுக்க முடியாததால் பூச்சியம் போடாமல் தாண்டியிருக்கும். கணக்கு போடும் முன் 'நூறுக்கு மேலா, கீழா?' என்று ஒரு கேள்வி கேட்டால் 12 என்ற விடையைப் பிள்ளையே சந்தேகிக்கும். பங்கு போட்டு மீதி வருவதற்குப் பல்லாங்குழி இருக்கிறது. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து காய், மொத்தம் எழுபது.

பின்னத்தில் தமிழ்ப் பிள்ளைக்கு முதலிலேயே ஒரு முன்னிலை உண்டு. கால், அரை, முக்கால் எல்லாம் காய்கறிக் கடையில் காதில் விழுந்த சொற்கள். சிக்கல் மூன்றில் ஒன்றில் ஆரம்பிக்கிறது, அதற்கு அப்படி ஒரு சின்னச் சொல் புழக்கத்தில் இல்லை. 'நான்கில் மூன்று' என்று தமிழ் கீழெண்ணை முதலில் சொல்கிறது. மேலிருந்து எழுதப் பழகிய பிள்ளை நான்கை மேலே போட்டுவிடும். கோட்டைப் போட்டு, கேட்ட வரிசைப்படியே கீழெண்ணை முதலில் எழுதி, பிறகு மேலெண்ணை எழுதச் சொன்னால் தீர்ந்தது.

பரப்பளவுக்கு வயலை விட்டுவிட்டு நோட்டில் கட்டம் போடுவது டெல்டாவில் வீண். 12 அடிக் கோலால் அளந்தால் ஒரு குழி, அதாவது 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, 14,400 சதுர அடி. சென்ட் 435.6 சதுர அடி என்பதால் மா ஏறக்குறைய 33 சென்ட். மூன்று மாவை ஊரில் ஒரு ஏக்கர் என்று சொல்லிவிடுவார்கள். கணக்குப் போட்டால் ஒரு சென்ட் உதைக்கும், அந்த உதையைப் பிள்ளையே பிடிக்கட்டும். இருபது மா ஒரு வேலி. பழைய கணக்கில் மா என்றாலே இருபதில் ஒரு பங்கு என்று பொருள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். களத்திலோ மொட்டை மாடியிலோ கயிறு பிடித்து ஒரு குழியைக் கோடு போட்டு, அதற்குள் நின்று பார்த்தால்தான் சதுர அடி என்பது அளவாகத் தெரியும்.

எண் வரிசைக்குக் கோலம். ஏழு புள்ளி நேர்ப்புள்ளி ஒன்று முடிய 25 புள்ளி. ஏழு புள்ளி இடைப்புள்ளி நான்கு முடிய 37. போடும் முன் எத்தனை புள்ளி என்று சொல்லச் சொல்லுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொன்றாக எண்ணும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மேல்பாதியைக் கூட்டி இரட்டித்து, நடுவரிசையைச் சேர்க்கும். அந்த மாற்றத்தைத் தேதியோடு குறித்து வையுங்கள்.

வார்த்தைக் கணக்கில் ஒரே ஒரு பொறி: 'மீதி' என்ற சொல். 'ஐந்து மாங்காய் விற்றபின் 12 மீதி, முதலில் எத்தனை?' என்றால் 7 என்று வரும். சொல்லைப் பார்த்துக் கழிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறோம் என்று அர்த்தம். எண்களை மறைத்துவிட்டு, என்ன நடந்தது என்று கதையாகச் சொல்லச் சொன்னால் சரியாகும்.

சூழல், அறிவியல்

இங்கே அளவுகோல் எளிது. தானே பார்த்து, அளந்து, எழுதி வைத்தது எத்தனை என்பதுதான். மேட்டூர் நீர்மட்டம் தினமும் செய்தியில் வருகிறது, அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. ஜூன் முதல் அதைக் கட்டத்தாளில் குறித்தால் வரைபடமும் ஆயிற்று, தசமமும் ஆயிற்று. 99.8 பெரியதா, 99.12 பெரியதா என்று கேட்டால் பன்னிரண்டு எட்டைவிடப் பெரியது என்றுதான் முதலில் பதில் வரும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று நீர் பிரிவதில் தொடங்கி, வீட்டுப் பக்கத்து வாய்க்கால் எந்த ஆற்றின் தண்ணீர் என்பது வரை பின்னோக்கிப் போய் வரைவது நான்காம் வகுப்பு வயதுக்குச் சரியான வேலை.

மழைமானி செய்ய, பக்கம் நேராக உள்ள பாட்டில் வேண்டும். இடுப்பு வளைந்ததும் வரிவரியாக இருப்பதும் ஆகாது. மேல் கூம்பை வெட்டிக் கவிழ்த்து வைத்து, அடிப்பள்ளத்தைக் கூழாங்கல்லும் தண்ணீரும் போட்டு நேர்ப்பக்கம் தொடங்கும் வரை நிரப்பி, அங்கே பூச்சியக் கோடு. காலை 8.30க்கு அளந்தால் வானிலைத் துறை எடுக்கும் நேரத்தோடு ஒத்துப்போகும். சுவர், தென்னை இவற்றின் உயரத்தைப்போல் இரு மடங்கு தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் தாலுகா அளவோடு ஒருநாளும் பொருந்தாது.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மாலை நாலு மணிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்த் தரையைப் பார்க்கச் சொல்லுங்கள். நிழல் நீளமாகக் கிடக்கும். உண்மையில் நிழல் மறையும் நாள் வேறு. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் தஞ்சைப் பக்கம் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். பகல் பன்னிரண்டே கால் மணியளவில் நட்டுவைத்த பாட்டிலுக்குக்கூட நிழல் இருக்காது.

இங்கிலீஷ் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தமிழ் வாசிப்பு ஓடத் தொடங்கிய பிறகு எழுத்துப் பெயருக்குப் பதில் எழுத்தோசையில் ஆரம்பித்தால் ஆறு மாதத்தில் பிடித்துக்கொள்ளும். 'பாம்பு' என்ற சொல்லின் இரண்டு பகரமும் நமக்கு ஒரே எழுத்து, ஓசைதான் வேறு. இங்கிலீஷில் அவை இரண்டு எழுத்து என்பதை அந்தச் சொல்லை வைத்தே காட்டிவிடலாம்.

காகிதங்கள்

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பேசுகிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது அதன் 10ஆம் பிரிவு. வீட்டுவழிக் கல்விக்கென்று அதில் தனி ஏற்பாடு இல்லை. இதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, பள்ளியில் இல்லாத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. 13ஆம் பிரிவு, சேர்க்கையின்போது பிள்ளையைப் பரிசோதித்துத் தேர்ந்தெடுப்பதைத் தடுக்கிறது. ஆக ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்குப் போக வழி அடைபடவில்லை. மாறுதல் சான்றிதழோ, கல்வித் துறை மாணவருக்குத் தரும் எமிஸ் பதிவு எண்ணோ இருக்காது, பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் கையில் இருக்கட்டும்.

தேசிய திறந்தநிலைப் பள்ளியின் அடிப்படைக் கல்வியில் மூன்று நிலை உண்டு: முதலாவது மூன்றாம் வகுப்புக்கும், இரண்டாவது ஐந்துக்கும், மூன்றாவது எட்டுக்கும் சமம். அங்கேயே பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். தமிழக அரசின் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் பன்னிரண்டரை வயது. தொடக்க வயதில் இதில் எதற்கும் அவசரமில்லை.

மாதிரித் தாள்களை வைக்கும் விதம் மட்டும் முக்கியம். ஜெல் பேனாவில் எழுதியது ஒரு மழைக்காலம் தாங்காது. பென்சிலும் பால்பாயிண்டும் தாங்கும். லேமினேட் செய்த அட்டை ஓரம் பிரிந்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில், தரையில் வைக்காமல் பரண் உயரத்தில் வையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்தபோது ஓடு பறந்த வீடுகளில் முதலில் நனைந்தது காகிதம்தான். ஒவ்வொரு தாளையும் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து, வீட்டுக்கு வெளியே உள்ள ஒருவர் போனிலும் ஒரு பிரதி அனுப்பி வைத்துவிடுங்கள்.